கூட்டம் வருவதற்கு முன்

"கெளம்புங்க தம்பி, கூட்டம் வந்துரும்." அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். எந்தக் கூட்டம், எங்கிருந்து வரும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. திருச்சியில் எந்தச் சாலை எத்தனை மணிக்கு அடைத்துக்கொள்ளும், எந்தப் பாலத்தில் எந்தக் கிழமை லாரி அதிகம், எந்தக் கோயிலில் எந்த நேரம் ஆள் இருக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரே ஒன்று சேர்ந்து தன்னை எங்காவது மறித்து நிறுத்தத் திட்டம் போட்டிருக்கிறது, அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் தப்பித்துவிட வேண்டும் என்று அவர் நம்பியதாகவே எனக்குத் தோன்றும்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில். அம்மா மண்டபம் சாலையில் சைக்கிளோடு விழுந்ததில் என் மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவருக்கு. நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, முகத்தில் வேர்வை காயாத பெண்மணி. என் கையைத் தகட்டின் மேல் வைத்து, விரல்களை விரித்து, "அசையாதீங்க" என்றார். சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்னை அசையாதே என்றவரின் தோள் ஆடிக்கொண்டிருந்தது. கீழே கால் தாளம் போட்டால்தான் தோள் அப்படி ஆடும்.

எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்பது. இரண்டாவது கேள்வி, "காலைல எத்தன மணிக்கு ஓட்டுவீங்க?" ஆறு மணிக்கு என்றேன். "ஆறா? அதுக்குள்ள பாலத்துல கூட்டம் வந்துருமே" என்று உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வாரமே நான் ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பத் தொடங்கிவிட்டேன். நாள் முழுவதும் மற்றவர்களை அசையாமல் நிற்க வைப்பதுதான் அவருக்குச் சம்பளம் வாங்கித்தந்த வேலை. அந்தக் கணக்கை நேர்செய்யத்தான் மிச்ச நேரமெல்லாம் ஓடினாரோ என்னவோ.

அக்கா என்றே அவரைக் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் வீடு பாலக்கரையில். எனக்கு ஸ்ரீரங்கத்தில் வீடும், ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடையும். சைக்கிளோடு ஓட்டமும் சேர்ந்துகொண்டது; எங்களோடு இன்னும் ஐந்தாறு பேர் காலையில் சேர்ந்து ஓடுவார்கள். எல்லோருக்கும் மூத்தவர், ரயில்வே பணிமனையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். போர்மேன் சார் என்றே கூப்பிடுவோம். ஐந்தேகாலுக்கு ஓட்டம் என்று அவர் அறிவிப்பார். நாங்கள் ஐந்து இருபதுக்குப் போய்ச் சேர்வோம். அக்கா ஐந்து மணிக்கே ஓடத் தொடங்கியிருப்பார். நாங்கள் போகும்போது எதிரே திரும்பி வந்துகொண்டிருப்பார். "குரூப்பா ஓடறதுன்னா என்னம்மா அர்த்தம்?" என்று போர்மேன் சார் ஒருநாள் கத்தியே விட்டார். "நீங்க எல்லாம் குரூப்பா வாங்க சார், நான் முன்னால போயி வழி இருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து போனார் அக்கா.

ஓடி முடித்ததும் டீ. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அவர் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில், கையில் கண்ணாடித் தம்ளர். டீயின் கடைசி இரண்டு வாய் எப்போதும் தம்ளரில் மிஞ்சியிருக்கும். "அடி டீ கசக்கும் தம்பி" என்று காரணம் சொல்வார். எங்களுக்கெல்லாம் கசக்காத டீ அவருக்கு மட்டும் எப்படிக் கசந்தது என்று நான் கேட்டதில்லை.

சினிமாவும் அப்படித்தான். அவர் பார்த்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஒன்றுக்குக்கூட முடிவு தெரியாது. கதாநாயகன் கடைசிச் சண்டைக்குச் சட்டைக் கையை மடிக்கும்போது அவர் ஸ்டாண்டில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலை ஓடும்போது என்னிடம் கேட்பார்: "அந்த அண்ணன்காரன் கடைசில செத்தானா, திருந்துனானா?"

"செத்தான்."

"நெனச்சேன்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டுவார். சில படங்களுக்கு நான் வேண்டுமென்றே முடிவை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அதையும் "நெனச்சேன்" என்றுதான் ஏற்றுக்கொண்டார்.

என் தங்கை கல்யாணத்துக்கு வந்தார். முதல் பந்தியில் முதல் இலையில் சாப்பிட்டார். ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குக் கொடுத்தனுப்பியபோது, தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்படியே வாசலுக்கு நடந்தார். நான் ஓடிப்போய், "அக்கா, இன்னும் பத்து நிமிஷம்தான், தாலி கட்டிருவாங்க" என்றேன். "கட்டட்டும் தம்பி. நல்லா இருக்கட்டும். அதுக்கப்புறம் எல்லாரும் ஒண்ணா வண்டிய எடுப்பாங்க பாருங்க, மண்டபத்து வாசல்ல அரைமணி நேரம் நிக்கணும்" என்று கிளம்பிவிட்டார். என் அம்மாவுக்கு இதில் மனசு ஆறவில்லை. "வயிறு ரொம்பினதும் போறாளே, என்ன பொம்மனாட்டி இவ" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வைகுண்ட ஏகாதசி கதையைச் சொன்னால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, சொர்க்கவாசல் திறக்கும் அந்த ஒரு நேரத்துக்காகப் பனியில் காத்துக் கிடப்பார்கள். இவர் முந்தின வாரமே ஒரு மத்தியானம், நடை சாத்தும் நேரமாகப் பார்த்து வந்து, மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். "இதென்ன அக்கா, திறக்கறதுதானே விசேஷம்?" என்றேன். "கதவு இதுதானே? தொறக்கப் போறாங்கன்னு பெருமாளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் என்ன?" எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஏதோ ஒன்று உறுத்தவும் செய்தது. திறக்கும்போது நிற்காமல் ஒருவரால் எப்படி இருக்க முடிகிறது?

அவரோடு பழகிப் பழகி எனக்கும் அந்த அரிப்பு தொற்றிக்கொண்டது. கடையில் வாடிக்கையாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கால் மேஜைக்கு அடியில் ஆட ஆரம்பித்தது. கச்சேரிகளில் மங்களத்துக்கு முன்பே செருப்பைத் தேடினேன். என் மனைவி ஒருநாள், "உங்க அக்காவுக்கு என்ன கால்ல சக்கரமா? அத ஏன் நீங்களும் மாட்டிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

இதையெல்லாம்விட நாங்கள் பேசிப் பேசிச் சிரித்த கதை ஒன்று உண்டு. ஊரில் நடந்த ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். அக்கா எங்களுக்கெல்லாம் முன்னால் ஓடி முடித்து, வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் போய்விட்டார். அரைமணி கழித்து மேடையில் பரிசுக்குப் பெயர் வாசித்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றாம் இடம் அவருக்கு! மூன்று தடவை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லாமல் நான் மேடையேறி அந்த மெடலை வாங்கினேன். பெண்கள் பிரிவில் மீசையோடு நான் நிற்கிற புகைப்படம் இன்னமும் போர்மேன் சாரின் போனில் இருக்கிறது. மெடலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நின்னிருந்தா நானே வாங்கியிருப்பேன் இல்ல?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றுதான் முதல்முதலாக அவர் "கெளம்புங்க" என்று சொல்லாமல் கிளம்பினார்.

அந்த மாதத்தில்தான் போர்மேன் சார் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். மண்ணச்சநல்லூரைத் தாண்டி, திருவெள்ளறை போகும் சாலையில் ஒரு டூயத்லான் போட்டி. முதலில் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். பிறகு முப்பது கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் மறுபடி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பரிசு வாங்குகிற தகுதி எங்களில் யாருக்கும் கிடையாது. முடித்தால் போதும், எல்லோருக்கும் ஒரு மெடல். அக்கா நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, "பேரக் குடுங்க" என்றார்.

இரண்டு மாதம் பயிற்சி. ஞாயிறுதோறும் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் போய்த் திரும்பி, அதே காலோடு ஓடிப் பார்ப்போம். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே இருப்பது நம் கால்கள்தானா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். மனசு ஓடச் சொல்லும், காலோ அங்கே இல்லாத பெடலைத் தேடிச் சுற்றும். அப்படி ஒருநாள் ஓட முடியாமல் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் மூச்சு வாங்கியபோது, அக்காவும் நின்றார். அவராக நின்று நான் பார்த்ததில்லை. கீழே மணலும், நடுவே கொஞ்சம் தண்ணீரும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். அப்போதும் அவர் பாதம் நடைபாதையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"எங்கம்மா தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில இருந்தாங்க தம்பி. டாக்டர் ரெண்டு நாள் தாங்கும்னு சொன்னார். ஞாயித்துக்கிழமை. சாயந்தரம் ஆச்சுன்னா ஊருக்குப் போறவங்க எல்லாம் பஸ் ஸ்டாண்டுல மொய்ச்சிருவாங்க. மறுநாள் எனக்கு டூட்டி. சரி, கூட்டத்துக்கு முன்னாடி போயிட்டு, திங்கக்கிழமை டூட்டி முடிச்சு ஓடியாந்துரலாம்னு மூணு மணிக்கே கெளம்பிட்டேன். பஸ்ஸு செங்கிப்பட்டியத் தாண்டல. போன் வந்துருச்சு."

நான் கைப்பிடியை விட்டு நிமிர்ந்தேன்.

"பஸ்ஸுல கூட்டமே இல்ல தம்பி. ஜன்னல் சீட்டு" என்றார்.

மணலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, "எதையும் கடைசி வரைக்கும் நான் பாத்ததில்ல. அந்த மெடல நீங்க கொண்டாந்து குடுத்தப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. இந்த ரேஸ முடிச்சிரணும். அந்தக் கோட்டைத் தாண்டறப்ப யாராவது தெரிஞ்சவங்க ஒருத்தர் அங்க நிக்கணும். நான் சைக்கிள்ல மெதுவு, உங்களுக்குப் பின்னாலதான் வருவேன். எவ்வளவு நேரமானாலும் நிப்பீங்களா?" என்று கேட்டார்.

"நிக்கறேன் அக்கா. இதென்ன பெரிய விஷயம்" என்றேன்.

"எனக்குப் பெரிய விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு, "சரி கெளம்புங்க, லாரி வர ஆரம்பிச்சிருச்சு" என்று ஓடத் தொடங்கினார்.

போட்டியன்று அதிகாலையில் போர்மேன் சார் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து வந்தார். பின்னால் எங்கள் ஏழு சைக்கிள்களையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்த்துக் கயிறு கட்டினோம். நடுநடுவே நாங்கள். அக்கா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பஞ்சர் பசை, உபரி டியூப் ஒன்றும் எடுத்து வரவில்லை. "எடை எதுக்கு தம்பி?" மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் வாசனை வண்டிக்குள் வந்தது. எனக்கு நாற்பது வயதில் பரீட்சைக்குப் போகிற பயம்.

ஒரு கல்யாண மண்டபத்தின் மைதானத்தில்தான் எல்லாம். இரும்புக் குழாய்களில் வரிசையாகச் சைக்கிள்களை மாட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எண். அக்காவுக்கு நாற்பத்தேழு, எனக்கு நாற்பத்தெட்டு. தலைக்கவசத்தின் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும் என்று ஒருவர் மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். நான் என் மனைவியின் எண்ணை எழுதினேன். அக்கா என்ன எழுதினார் என்று கவனிக்கவில்லை.

விசில் ஊதுவதற்கு முன்பே பத்தடி போய்விட்டார். நடுவர் கூப்பிட்டு நிறுத்திப் பழைய இடத்துக்கு அனுப்பினார். கூட்டமே சிரித்தது. விசில் ஊதியதும் ஒரே பாய்ச்சல். வாய்க்கால் கரை மண்பாதையில் அவருடைய மஞ்சள் பனியன் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓடினேன். ஓட்டத்தை முடித்து, சைக்கிளை எடுத்து, தார்ச்சாலைக்கு வந்து மூன்று கிலோமீட்டர் போவதற்குள் அவரை எட்டிப் பிடித்துவிட்டேன். சைக்கிளில் அவர் உண்மையிலேயே மெதுவுதான். பக்கத்தில் போனதும் திரும்பிப் பார்த்து, "போங்க போங்க, எனக்காக நிக்காதீங்க. அங்க போயி நில்லுங்க" என்றார்.

திருவெள்ளறையைச் சுற்றிக்கொண்டு கிராமத்துச் சாலைகள் வழியாகத் திரும்புகிற பாதை. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே எதிர்க்காற்று. இருபதாவது கிலோமீட்டரில் தொடை இறுகியது. இருபத்தைந்தில், எதற்கு இந்த வேலை, கடையைத் திறந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரலாமே என்று தோன்றியது. ஆனால் எனக்கு முன்னால் ஒரு பள்ளி மாணவியும் பின்னால் ஒரு தொப்பைக்காரரும் வந்துகொண்டிருந்ததால் நிறுத்த வெட்கமாக இருந்தது. சைக்கிளை மாட்டிவிட்டு ஓடிய கடைசி ஐந்து கிலோமீட்டரில் பாதி நடைதான். எப்படியோ காற்றடைத்த அந்தப் பெரிய வளைவுக்குள் நுழைந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டினேன். யாரோ கழுத்தில் மெடலை மாட்டினார்கள். மூன்று தம்ளர் மோர் குடித்தேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு நின்றேன். பொய் சொல்லக் கூடாது, நின்றேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் எனக்கு முன்பே முடித்திருந்தார்கள். அக்கா மட்டும்தான் பாக்கி. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். யார் யாரோ வந்தார்கள். போய்ச் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். நாற்பத்தேழாம் எண்ணுக்கு நேரே காலியாக இருந்தது. சுற்றிலும் ஏறக்குறைய எல்லாச் சைக்கிள்களும் வந்துவிட்டன, வந்தவர்கள் எடுத்துக்கொண்டு கிளம்பவும் தொடங்கியிருந்தார்கள். வாசலில் கார்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு ஹாரன் அடித்தன.

"அவங்க எப்பவோ போயிருப்பாங்கப்பா" என்றார் போர்மேன் சார். "இந்தக் கூட்டத்தப் பாத்துட்டு நிப்பாங்கன்னு நெனைக்கிறியா? கையில சைக்கிள் வேற இருக்கு. இந்நேரம் பாலக்கரை போயி தோசை சுட்டுருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போனுக்கு அடித்துப் பார்த்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "வண்டி ஓட்டிட்டிருப்பாங்க" என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் மேஜை போட்டு ஒரு பெண் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு வந்தாச்சா என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. கேட்கவில்லை. கேட்பானேன், எங்களுக்குத்தான் அக்காவைத் தெரியுமே!

கொடுத்த வாக்கு மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றாக நினைவிருந்தது. ஆனால் அவரே போய்விட்டார் என்றால் நான் யாருக்காக நிற்பது? அந்த நியாயம் எனக்கு அப்போது ரொம்பச் சௌகரியமாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வயிறு காய்ந்தது, என் கால் நிலைகொள்ளவில்லை. ஆறு சைக்கிள்களைக் கட்டினோம். வண்டியில் ஏழாவது சைக்கிளின் இடம் காலியாக இருந்தது. அதில் நான்தான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

திருச்சி திரும்பும் வழியில் நம்பர் ஒன் டோல்கேட்டில் நிறுத்தி எல்லோரும் சாப்பிட்டோம். வீட்டுக்கென்று ஒரு பொங்கல் பார்சல் வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அப்போதுதான் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"சார், நாப்பத்தேழாம் நம்பர் உங்க ஆளுங்களா? அட்டைக்குப் பின்னால உங்க பேரும் நம்பரும் எழுதியிருந்தாங்க, பாத்துக் குறிச்சுக்கிட்டேன்." ஓர் இளம் பெண்ணின் குரல். "அவங்க சைக்கிள் எட்டு கிலோமீட்டர் முன்னாலயே பஞ்சர் ஆயிருச்சு சார். கருவேல முள்ளு. நாங்க வண்டியில ஏறச் சொன்னோம், ஏற மாட்டேன்னுட்டாங்க. தள்ளிக்கிட்டே வந்து சைக்கிளை மாட்டிட்டு இப்ப ஓடப் போயிட்டாங்க. நேரம் முடிஞ்சு போச்சுங்கன்னா கேக்கல. முடிக்கணும்கிறாங்க. நாங்க எல்லாம் கழட்டணும் சார். நீங்க எங்க நிக்கிறீங்க?"

நாங்கள் எங்கே நிற்கிறோம்! நாங்கள் கிளம்பிய பத்து நிமிஷத்துக்கெல்லாம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் வந்திருக்கிறார். என் காது சுட்டது. போர்மேன் சாரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வடையை இலையில் வைத்துவிட்டார். வண்டியைத் திருப்பச் சொன்னார். ஆனால் டிரைவர் டீசல் போடப் போயிருந்தான், அந்தச் சந்திப்பில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் வேறு. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கயிற்றை அவிழ்த்து என் சைக்கிளை மட்டும் இறக்கினேன். பார்சலைக் கைப்பிடியில் மாட்டியதுகூட நினைவில்லை.

மைதானத்துக்குத் திரும்பிய அந்தப் பத்து கிலோமீட்டர்தான் நான் என் வாழ்க்கையில் ஓட்டிய போட்டி. காலையில் நடந்தது விளையாட்டு. தொடை இரண்டும் கெஞ்சின. எதிரே போட்டி முடித்தவர்களின் கார்கள் சைக்கிள்களைத் தலைமேல் கட்டிக்கொண்டு வந்தன. மெடலோடு எதிர்த்திசையில் போகிற என்னைப் பார்த்து ஒருவர் கையைக் காட்டிச் சிரித்தார். மண்ணச்சநல்லூர் கடைத்தெருவில் ஒரு நெல் லாரி குறுக்கே நின்றது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அந்த டிரைவரைத் திட்டினேன். உள்ளுக்குள் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், எதிரே இருப்பது எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்தால் ஓடுகிற அக்கா எனக்குத் தெரிந்தார். பாலத்தில் நின்று கேட்ட அக்கா தெரியவில்லை.

மைதானத்தில் வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அது தரையில் கிடந்தது. இரண்டு பேர் அதன் மேல் உருண்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். மோர்ப் பானை காலி. சுண்ணாம்புப் பொடியில் போட்ட வெள்ளைக் கோடு மட்டும் பாதி மிதிபட்டு மிச்சமிருந்தது. சைக்கிளை மண்டபத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, போய் அந்தக் கோட்டில் நின்றேன்.

வாய்க்கால் கரையில் மஞ்சள் பனியன் தெரிந்தது. ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. நான்கு அடி ஓட்டம், பத்தடி நடை. வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நடப்பதை விட்டு ஓடினார். நான் கை தட்டினேன். நாற்காலி அடுக்கியவனும் போன் செய்த பெண்ணும் கை தட்டினார்கள். வெறும் மைதானத்தில் அந்தச் சத்தம் ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

கோட்டைத் தாண்டினார். தாண்டியதும் அப்படியே நின்றார். கால் தாளம் போடவில்லை, தோள் ஆடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்ச விடுங்க அக்கா" என்றேன்.

விட்டார். சிரித்தார். அழுதார். அந்தப் பெண் ஒரு பெட்டியைக் கிண்டி மெடலை எடுத்து வந்து அவர் கழுத்தில் மாட்டினாள். இந்த மெடலை அவரே வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் விட்டுப்போனது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது, தப்பித்தேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

என் சைக்கிளைச் சாய்த்திருந்த சுவரின் நிழலில் உட்கார வந்தார். கைப்பிடியில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தார். அதில் கடையின் பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தன.

"டோல்கேட் கடையா?" என்றார்.

"ஆமாக்கா."

"அவ்வளவு தூரம் போயிட்டீங்களா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கெளம்பியிருப்பேன்னு நெனச்சீங்க" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தப்புதான் அக்கா."

"நானா இருந்தாலும் அதத்தான் தம்பி நெனச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரித்தார். பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டிருந்தது. விரலால் உடைத்து உடைத்துச் சாப்பிட்டார். இலையில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு வருஷத்தில் அவர் வேலை மாறிக் கோயம்புத்தூர் போய்விட்டார். வழியனுப்ப நாங்கள் ஒரு ஹோட்டலில் ஏழு மணிக்கு ஏற்பாடு செய்தோம். ஆறரைக்கே வந்து, வாசலில் நின்றிருந்த போர்மேன் சாரிடம் சொல்லிக்கொண்டு போயிருந்தார். நாங்கள் அவர் இல்லாமலே அவரைப் பற்றிப் பேசிச் சாப்பிட்டோம். மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறிவிட மாட்டார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் அசையவில்லை.

அன்று போர்மேன் சாரின் வண்டி வந்து மண்டபத்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மடித்த வளைவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நாற்காலிகள், இரும்புக் குழாய்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஒவ்வொன்றாக, மெதுவாக. வெயில் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. அந்த மைதானத்தைவிட்டு, அந்தச் சுண்ணாம்புக் கோட்டைவிட்டு எங்காவது போய்விட வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"கெளம்பலாமா அக்கா?" என்றேன்.

"இருங்க தம்பி. அவங்க எல்லாத்தையும் ஏத்திட்டுப் போகட்டும்."

உட்கார்ந்தேன். இரண்டு நாற்காலிகளை ஏற்றினார்கள். இன்னும் ஐம்பது இருக்கும். என் வலது கால் தானாகவே ஆடத் தொடங்கியது. அவர் திரும்பி அதைப் பார்த்தார்.

"அசையாதீங்க" என்றார்.